ஒழுகுற பத்ரா மேல தாட்பத்ரி போடுறது எப்படி

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் பத்ரா (தகரம் இல்ல சிமெண்ட் ஷீட் கூரை) வீட்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மும்பைல ஜூன் ரெண்டாவது வாரம் வாக்குல மழை இறங்குச்சுன்னா செப்டம்பர் வரைக்கும் விடாது, நடுவுல பத்ராவப் பிரிச்சு மாத்துறதுக்கு ஆளும் வரமாட்டான் மழையும் விடாது, அதுவரைக்கும் தாட்பத்ரிதான், அதாவது தார்ப்பாய். ஆனா ஒண்ணு, தாட்பத்ரியக் கிழிக்கிறது மழை இல்ல, காத்து. ஒரு ஓரம் லேசா தூக்கிப் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா காலைல பார்த்தா பாதி கல்லில (சந்துல) தொங்கிட்டு இருக்கும். அதனால எல்லா வேலையும் காத்து உள்ள பூராம பண்றதுக்குத்தான்.

முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாருங்க. சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைக்காதீங்க, தண்ணி மேல எங்கயோ பூந்து இரும்புக் குழாய் வழியா ஓடிவந்து இங்க சொட்டும். மழை விட்டதும் பகல்ல லைட்ட அணைச்சுட்டு உள்ள இருந்து மேல பாருங்க, வெளிச்சம் தெரியுற இடம்தான் ஓட்டை. கொக்கி போல்ட் இருக்குல்ல, அதோட வாஷர் காஞ்சு வெடிச்சிருந்தா அதுலயும் கசியும், அதுக்கு எம்-சீல் (ஓட்டை அடைக்கிற பசை) அப்பினாலே போதும், அப்பினதும் காயிற வரைக்கும் நனையக்கூடாது. தண்ணி ஒயர், ஸ்விட்ச் போர்டு பக்கம் வந்துச்சுன்னா மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க.

வாங்கும்போது 90 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு சொல்றது) நீலக் கலர் மெல்லிசு வேண்டாம், காசு கம்மிதான் ஆனா சீசன் தாங்காது. 150ல இருந்து 200 ஜிஎஸ்எம் வாங்குங்க, ஓரத்துல கயிறு வச்சு மடிச்சு ஒட்டி அலுமினிய ஐலெட் (கயிறு கோக்குற வளையம்) அடிச்சிருக்கணும். அளவு ஓட்டைக்குப் பார்க்காதீங்க, கூரைக்குப் பாருங்க, நாலு பக்கமும் ரெண்டு அடியாவது கூடுதலா இருக்கணும்.

மேல ஏறுறதுதான் பெரிய விஷயம். சிமெண்ட் பத்ரா ஆள் கனத்தத் தாங்காது, பழசுன்னா இன்னும் மோசம், கால் வச்ச இடத்துல பொளந்து ஆள உள்ள விட்டுடும். போல்ட் வரிசை தெரியுதுல்ல, அதுக்கு அடியிலதான் குழாய் ஓடுது, ரெண்டு வரிசைக்கும் குறுக்க நீளப் பலகை போட்டு அது மேலதான் நகரணும். மழைல ஏறாதீங்க, பாசி புடிச்ச பத்ரா வழுக்கும். தலைக்கு மேல கரண்ட் ஒயர் போகுதான்னு ரெண்டு தடவ பாருங்க. கீழ ஏணியப் புடிக்க ஒருத்தர் கட்டாயம் வேணும். முடிஞ்சா நீங்க ஏறாம, கல்லில இந்த வேலை செய்ற பையனுக்குக் காசு கொடுத்து ஏத்துங்க, அவனுக்கும் பலகை போட்டுக் கொடுங்க.

இப்ப விரிக்கிறது. மேல் ஓரம்தான் உயிர். ரெண்டு பக்கம் சரிவா இருந்தா முகட்டத் தாண்டி அந்தப் பக்கம் மூணு அடி இறங்கணும், இல்லாட்டி தண்ணி அடியில பூந்துடும். நம்ம ஏரியால நிறைய வீடு ஒரு பக்கச் சரிவுதான், மேல் ஓரம் பக்கத்துச் சுவத்துல முட்டும், அப்போ தாட்பத்ரிய ஒரு ரீப்பர் கட்டைல (மெல்லிசான நீள மரச்சட்டம்) ரெண்டு சுத்து சுத்தி, அந்தக் கட்டையோட சேர்த்து சுவத்துல ஸ்க்ரூ அடிங்க. அது பக்கத்து வீட்டுச் சுவருன்னா அந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு அடிங்க. ஐலெட்ட மட்டும் நம்புனா ஒவ்வொண்ணா புடுங்கிட்டு வரும், கட்டைல சுத்தினா இழுப்பு ஓரம் பூரா பரவிடும். கீழ் ஓரத்தையும் இதே மாதிரி கட்டைல சுத்தி, அந்தக் கட்டையக் கயித்தால கீழ இழுத்துச் சுவத்துக் கொக்கில கட்டுங்க. சிமெண்ட் பத்ரால ட்ரில் போடவே வேண்டாம், வெடிக்கும், அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ரெண்டு தாட்பத்ரி சேர்க்கணும்னா சரிவுல மேல் பக்கம் இருக்கிறதோட ஓரம், கீழ் பக்கம் இருக்கிறதோட ஓரத்து மேல ஏறி உக்காரணும். பக்கவாட்டுல சேர்த்தா, மழைக்காத்து கடல்ல இருந்து மேற்கு, தென்மேற்கா வருது, அதனால மடிப்போட வாய் கிழக்கப் பார்த்து இருக்கட்டும்.

கல்லு வைக்கிறவங்க நிறைய பேர், அது உரசி உரசியே ஓட்டை போடும், காத்துல உருண்டு கல்லில போற குழந்தை தலைல விழுந்தா யார் பதில் சொல்றது? மணல் மூட்டைய ரெண்டு ரெண்டா கயித்துல கோத்து முகட்டு மேல ரெண்டு பக்கமும் தொங்க விடுங்க, ஒரு பக்கச் சரிவுன்னா குறுக்கு மறுக்கா நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்க.

கடைசில தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க, நேரா எதிர் வீட்டு வாசல்ல கொட்டுனா அடுத்த நாளே சண்டை, கீழ் ஓரத்த சாக்கடைப் பக்கம் சாய்ச்சு விடுங்க. முதல் பெரிய மழைக்கு அப்புறம் கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்கும், மழை விட்டதும் இறுக்குங்க. எங்கயாவது தண்ணி குட்டையா தேங்குச்சுன்னா குச்சியால குத்தாதீங்க, கயித்த இழுத்து சரிவு வர வைங்க.