மலையகத்தில் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராவது எப்படி

இத்தொழிலை நாடுபவர் பாடசாலையிலேயே தொடங்க வேண்டும். கொடுப்பனவு சொற்பமாக இருந்தாலும், கற்பிக்கும் பழக்கம் வேறெங்கும் இவ்வளவு ஆழமாகக் கைவராது. 1964 முதல் 1975 வரை பத்து அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் பட்டங்களை வென்ற பயிற்றுநர் ஜோன் வூடன், முன்பு உயர்நிலைப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். பல்கலைக்கழக வீரர்களுக்கும் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமின்றி அணியவே சொல்லிக்கொடுத்தார், ஏனெனில் சுருக்கம் கொப்புளத்தையும், கொப்புளம் ஓய்வையும் கொண்டுவரும். பாடசாலைச் சப்பாத்து ஒன்றையே எல்லாவற்றுக்கும் அணியும் நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

தரையை முதலில் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கத்துச் சீமெந்துத் தரையில் பாசி பிடிக்கும். அதைத் தேய்த்துக் கழுவாமல் ஒரு பிள்ளையையும் ஓடவிடாதீர்கள். மழை நாளில் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம்: நிற்கும் நிலை, ஒரு காலை ஊன்றித் திரும்புதல், நெஞ்சுயரத்தில் பந்து கொடுத்தல் ஆகியவற்றுக்கு மண்டபமோ அகலமான விறாந்தையோ போதும். வளையத்தின் உயரம் 3.05 மீற்றர்; சிறுவர்களுக்கான மினி ஆட்டத்தில் அது 2.60 மீற்றர், பந்து 5ஆம் இலக்கம். சிறியவர்களைப் பெரிய பந்துடன் பெரிய வளையத்துக்கு எறியவிட்டால், தோளால் தள்ளும் தவறான பழக்கம் படிந்துவிடும். அதைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம். கடைசி பஸ்ஸுக்கு முன் பயிற்சியை முடிப்பதும், பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று பெற்றோரிடம் நேரத்தைச் சொல்லி அனுமதி பெறுவதும் பயிற்றுநரின் பொறுப்பே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இதனிடையே தகைமையும் தேடுங்கள். கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் பயிற்றுநர் கற்கைநெறி பற்றி விசாரியுங்கள். கூடவே நடுவராகவும் பழகுங்கள். பந்தைக் கைப்பற்றிய அணி 8 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்து, 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்ற விதியை ஊதல் பிடித்துக் கற்றவர், தம் அணியின் அவசரத்தை வேறு கண்ணால் பார்ப்பார்.

பாடசாலைக்கு அடுத்த படி கல்லூரி மட்டம். நம் நாட்டில் பாடசாலைகளையும் கல்லூரி என்பதால், இங்கே நான் சொல்வது பேராதனை, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகங்களை. அங்கே முதலில் உதவிப் பயிற்றுநராகச் சேருங்கள். வீரர்கள் ஊறிய பழக்கங்களோடும் பரீட்சைச் சுமையோடும் வருவார்கள். ஆகவே எதிரணியின் ஆட்டத்தைத் தொலைபேசியில் படம்பிடித்து, அவர்கள் எந்தப் பக்கம் அதிகம் ஓடுகிறார்கள் என்று எண்ணிக் குறித்து, குறைந்த நேரத்தில் ஒன்றிரண்டு விடயங்களை மட்டும் திருத்தப் பழக வேண்டும்.

தொழில்முறை மட்டத்துக்குக் கிரெக் பொப்போவிச்சின் பாதையைப் பாருங்கள். 1979இல் ஒரு சிறிய கல்லூரி அணியைப் பொறுப்பேற்றவர், பின்னர் உதவிப் பயிற்றுநராக இருந்து, 1996இல் அமெரிக்கத் தொழில்முறை அணியான சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸின் தலைமைப் பயிற்றுநராகி ஐந்து பட்டங்களை வென்றார். அங்கே வீரர்கள் வளர்ந்தவர்கள். அவர்களை இணங்கவைப்பதும் உதவியாளர்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிப்பதுமே பெரும்பகுதி. இலங்கையில் அதற்கு நெருங்கியவை முப்படை அணிகளும் வணிக நிறுவன அணிகளுமே. ஒப்பந்தம் சில தோல்விகளோடு முடிந்துவிடக்கூடும் என்பதால், ஆசிரிய நியமனம் இருந்தால் அதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். நேர்முகத் தேர்வுக்குக் கிண்ணங்களின் படத்தைவிட, ஒரு பருவம் முழுவதற்குமான பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளில் எதைக் கற்பித்தீர்கள், எது பலிக்கவில்லை, மறுவாரம் எதை மாற்றினீர்கள் என்பவை அதில் திகதியோடு இருக்கட்டும்.