வறட்சியில் பால் ஆட்டுக்குத் தீனி: ஊவாச் சரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மேற்கு மலையில் மழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் பண்டாரவளை, வெலிமடை, ஹாலிஎல பக்கத்துச் சரிவுகளில் காற்று காய்ந்து வீசுகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பால் ஆடுகளை வளர்ப்பவர்கள் பச்சை தேடி அலைந்து, கைக்குக் கிடைத்ததை அறுத்துவந்து கட்டுவதும் அப்போதுதான்.

அந்த அவசரத்தில் சிலர் சப்பாத்திக்கள்ளியை முழுத்தீனியாக நம்பிவிடுகிறார்கள். வடகிழக்குப் பிரேசிலிலும் துனீசியாவிலும் அதைப் பயிரிட்டே கால்நடைக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மடலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 5 கிலோ தின்ற ஆட்டுக்கு உள்ளே சேரும் உலர்தீனி அரைக் கிலோ அளவுதான், அதிலும் புரதமும் நாரும் குறைவு. அதை மட்டுமே கொடுத்தால் புழுக்கை இளகிக் கழிச்சலாகும், பாலும் இறங்கும். ஆகவே முள்ளை நெருப்பில் வாட்டி, மடலை நறுக்கி, வைக்கோலோடும் புண்ணாக்கோடும் கலந்து கொடுப்பதே முறை. வாட்டும்போது பெரிய முள்ளோடு நிறுத்திவிடக்கூடாது. ஆட்டின் நாக்கில் ஏறுவது மயிர் போன்ற சின்ன முள்தான். நம் தீவில் அது அம்பாந்தோட்டைக் கரையோரம் புதராகப் பரவி நிலத்தை மூடிய செடி என்பதால், ஆட்டுக்காக அதை மலைக்குக் கொண்டுவந்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலியில் கிளிரிசிடியா மரம் நிற்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கிளிரிசிடியாவை வெட்டிய கையோடு போடுவது அடுத்த தவறு. பழகாத ஆடு அதன் வாடைக்கு ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைப் பார்த்து "இது தின்னாது" என்று கைவிட்டவர்கள் பலர். மாலையில் வெட்டி, கொட்டில் ஓரம் பரப்பி வாடவிட்டு, காலையில் பலா இலையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் அதே ஆடு காம்புவரை உருவித் தின்னும்.

இபில் இபில் மரத்தின் தழையைப் பொறுத்தவரை அளவுதான் கேள்வி. அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு மிகுந்தால் மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஹவாயி ஆடுகளின் இரைப்பையில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் வாழ்வதைக் கண்டறிந்து, 1980களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். நம் ஆட்டுக்கு அந்தத் துணை உண்டென்று நம்பாமல், மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. மரவள்ளி இலையையும் வாடவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பச்சை இலையில் சயனைட்டு நஞ்சு உண்டு. வறட்சியிலும் பசுமையாக நிற்கும் நாயுண்ணிப் புதரிலோ ஆட்டைக் கட்டவே கூடாது: ஈரல் கெட்டு, வெயில் படும் காதிலும் மூக்கிலும் தோல் வெந்து உரியும்.

மரக்கறித் தோட்டத்துக் கோவா (முட்டைக்கோஸ்) இலை இனாமாகக் கிடைப்பதால் அதில் கவனம் தளர்கிறது. ஒருமுறை ஒரு சாக்கு இலையை அப்படியே கொட்டிவிட்டேன். மதியத்துக்குள் ஆட்டின் இடது விலா மத்தளம்போல் உப்பிவிட்டது. புதிய தீனி எதுவானாலும் ஒரு கைப்பிடியில் தொடங்கி, ஏழெட்டு நாளில் கூட்டிச்செல்ல வேண்டும். முதலில் காய்ந்த புல், பிறகே இலை. கோவாவுக்கு மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் அந்தச் சாக்கைத் தூக்கவே கூடாது. இலையில் உள்ளது பாலிலும் இறங்கக்கூடும்.