கேஸ் இருக்கும் கப்பல்காரரும் அமெரிக்க விசா விலக்கும்

குளச்சலிலோ தூத்தூரிலோ இருந்து கப்பலுக்குப் போகிறவருக்கு, அமெரிக்கத் துறைமுகம் தொட, கப்பல் ஊழியருக்கான சி1/டி விசா வேண்டும். பழைய குற்றத் தண்டனை அதற்குத் தடையாகலாம்; அந்தத் தடையைத் தாண்டி விசா தர அமெரிக்கா கொடுக்கும் அனுமதிதான் விலக்கு. பழைய திருட்டு, மோசடி வழக்கில் தண்டனை இருந்தால், டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தில் கைதானது உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே போடுங்கள். அபராதத்தோடு முடிந்ததும் சேர்த்திதான். மறைத்தால் அந்தப் பொய் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நேர்காணலுக்கு முன்பே வழக்கு நடந்த கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டு எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு வாங்குங்கள். இரணியலா, குழித்துறையா, வழக்கு எண் என்ன என்று தெரியாமல் போனால் அலைச்சல்தான். ஜெராக்ஸ் போதாது, சீல் வைத்த சான்று நகல் வேண்டும். தமிழில் இருப்பதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதில் சட்டப்பிரிவு எண்ணை நீங்களே பாருங்கள்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379 என்பது 397 ஆகிவிட்டால் சாதாரணத் திருட்டு, ஆயுதக் கொள்ளையாகிவிடும்!

விசா கேட்பவருக்கு விலக்குக்கென்று தனிப் படிவமோ தனிக் கட்டணமோ கிடையாது. ஐ-192 என்ற விலக்குப் படிவம் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அது கனடாக்காரர் போல விசா தேவைப்படாதவர்களுக்கு. தூதரக அதிகாரி பரிந்துரைத்தால்தான் கோப்பு அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். குற்றத்தின் கடுமை, இனி ஆபத்து உண்டா, பயணக் காரணம் ஆகிய மூன்றையும் எடைபோடுவார்கள். அதனால் கம்பெனியின் வேலைக் கடிதம் முக்கியம்.

பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை இணையத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று காட்டலாம். பதறிப் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள். அமெரிக்கா தொடாத கப்பல் கேட்டு ஏறுங்கள்.