கொலாஜன் கூழில் தகைவை இடம் இடமாக அளந்த அனுபவம்

கூழை இரு தட்டுகளுக்கு இடையே வைத்து, மேல்தட்டைத் திருப்பி அளக்கும் கருவியான ரியோமீட்டர் தருவது ஒரே ஓர் எண்: தட்டு முழுவதற்குமான சராசரித் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை. உடல் திசுக்களின் புரதமான கொலாஜனின் இழைவலையில் விசை அப்படிச் சமமாகப் பரவுவதில்லை. சில இழைகள் விறைத்துப் பளுவைச் சுமக்கும். பக்கத்து இழைகள் தொய்ந்து கிடக்கும். இதைப் பார்க்க, கீழ்க் கண்ணாடியில் மெல்லிய, மீள்தன்மையுள்ள பாலிஅக்ரிலமைடு (ஒருவகைப் பாலிமர்) படலம் அமைத்து, அதன் மேற்பரப்பில் ஒளிரும் நுண்மணிகளைப் பதித்து, அதற்கும் மேலே கொலாஜனை உறையவிட்டேன். படலத்தின் விறைப்புக் குணகமும் (சறுக்கும் விசைக்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு) தடிமனும் தெரிந்தால், மணிகள் நகர்ந்த தூரத்திலிருந்து தகைவைக் கணக்கிடலாம்.

தொல்லை பிறகுதான். எல்லா மணிகளும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்தன. மேல்தட்டைத் திருப்பாதபோதும் நகர்ந்தன! அது தகைவே அல்ல, நுண்ணோக்கி மேடையின் நகர்வு. கண்ணாடியோடு ஒட்டிய வேறு நிற மணிகளின் நகர்வைக் கழித்ததும் தீர்ந்தது.

அடுத்து, கொலாஜன் படலத்தில் பிடிக்காமல் வழுக்கியது. புறஊதா ஒளி பட்டால் படலத்தோடு புரதத்தைப் பிணைக்க உதவும் வேதிப்பொருளான சல்ஃபோ-சான்பாவைப் பூசி, புறஊதா ஒளி காட்டி, கழுவி, நீர்த்த கொலாஜன் கரைசலில் ஊறவைத்த பிறகே கூழை ஊற்றினேன், பிடித்துக்கொண்டது. சல்ஃபோ-சான்பா தண்ணீரில் விரைவாகக் கெடும், கலக்கியவுடன் பூசிவிட வேண்டும்.

படலத்தின் குணகம் 1000 பாஸ்கல், தடிமன் 50 மைக்ரான் என்றால், 10 பாஸ்கல் தகைவுக்கு மணி அரை மைக்ரான் நகரும். ஒரே தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும் கன்ஃபோகல் நுண்ணோக்கிக்கு அது தாராளம். ஆனால் படலத்தின் தடிமனைவிடக் குறுகிய தூரத்தில் வரும் தகைவின் ஏற்றத்தாழ்வுகள் மங்கிவிடும். அவற்றைப் பிடிக்க மெல்லிய படலம் வேண்டும். மணியின் நகர்வும் அந்த அளவுக்குக் குறையும்.