போனில் அமெரிக்க ரயில் ரேடியோ: புதிதாகக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஓடும் ஒரு சரக்கு ரயிலின் ஓட்டுநரும், பல நூறு மைல் தள்ளி உட்கார்ந்து அந்த வழித்தடத்தை நடத்தும் டிஸ்பாச்சரும் பேசிக்கொள்வதை நாம் போனிலேயே கேட்கலாம். ரயில் ஆர்வலர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆனால் ஆப்பை இறக்கிய பலர், "ஒன்றுமே கேட்கவில்லை, கேட்டாலும் புரியவில்லை" என்று இரண்டே நாளில் அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஆப்பில் இல்லை, நாம் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது.

போனே ரேடியோ அலையைப் பிடிக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அங்கே ரயில்வே குரல் சேனல்கள் 160.215 முதல் 161.565 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ரிசீவர் நம் போன்களில் இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாரோ ஒரு ஆர்வலர் ஸ்கேனரை (பல சேனல்களை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ) வைத்து, அதில் கேட்பதை பிராட்காஸ்டிஃபை போன்ற நேரடி ஒலித் தளத்துக்கு இணையம் வழியாக அனுப்புகிறார். 'ஃபீட்' எனப்படும் அந்த ஒலிபரப்புதான் நம் காதுக்கு வருகிறது. அவருடைய ஆன்டெனாவுக்குக் கேட்காதது நமக்கும் கேட்காது.

இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிஸ்பாச்சரின் குரல் உயரமான கோபுரத்திலிருந்து வருவதால் தெளிவாக இருக்கும். ரயில் தொலைவில் இருந்தாலோ மலைக்கு அந்தப்புறம் போனாலோ ஓட்டுநரின் பதில் வராது. பாதி உரையாடல் கேட்பது சகஜம், சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. ஸ்கேனர் ஒரு சேனலில் நின்றுவிட்டால் அந்த நேரத்தில் மற்ற சேனலில் பேசுவது தப்பிப்போகும். எனவே ஒரு ஃபீடைத் திறந்ததும் அதன் விவரக் குறிப்பைப் படியுங்கள்: ஆன்டெனா எந்த ஊரில் இருக்கிறது, எந்தெந்த வழித்தடம், எத்தனை சேனல். இதைப் படிக்காமல் கேட்பது வீண்.

அடுத்தது, ரயிலின் பெயரை வைத்து ஃபீட் தேடுவது. ஆம்ட்ராக் பயணிகள் ரயிலைக் கேட்க 'ஆம்ட்ராக்' என்று தேடினால் பல இடங்களில் ஏமாற்றம்தான். வடகிழக்குப் பகுதியை விட்டு வெளியே வந்தால் அது பெரும்பாலும் பிற நிறுவனங்களின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது, பேசுவதும் அவர்களுடைய சேனலில்தான். எம்பயர் பில்டர் என்ற ஆம்ட்ராக் ரயிலை மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்கு மேற்கே கேட்க வேண்டுமா? அங்கே தண்டவாளத்தை வைத்திருக்கும் பிஎன்எஸ்எஃப் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் ஃபீடைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, அமைதியைப் பார்த்து ஃபீட் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது. பரபரப்பான வழித்தடம் என்றால் பேச்சும் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். நடப்பது பல நேரம் நேர்மாறு. சிக்னலை டிஸ்பாச்சரே கணினியில் மாற்றும் தடங்களில் வாய் திறக்க வேண்டிய அவசியமே குறைவு. 2020 இறுதிக்குள் 57,000 மைலுக்கு மேற்பட்ட வழித்தடங்களில் வந்துவிட்ட பிடிசி (ஓட்டுநர் தவறினால் ரயிலைத் தானே நிறுத்தும்) பாதுகாப்பு முறையும் தரவாகத்தான் பேசுகிறது, குரலாக அல்ல. உண்மையில் சுவையான பேச்சு சிக்னல் இல்லாத கிளைத்தடங்களில் கிடைக்கும். அங்கே எங்கிருந்து எதுவரை போகலாம் என்ற அனுமதியை டிஸ்பாச்சர் வாய்மொழியாகச் சொல்வார். ரயிலில் இருப்பவர் எழுதிக்கொண்டு அதைத் திருப்பி வாசிப்பார். சரிபார்த்து டிஸ்பாச்சர் நேரத்தைச் சொன்ன பிறகுதான் அந்த அனுமதி செல்லும். ஒரு எண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. இந்த நிதானத்தைக் கேட்பதற்காகவே காத்திருக்கலாம்.

இயந்திரக் குரல் வந்ததும் விளம்பரம் போல ஒதுக்குபவர்களும் உண்டு. அது தண்டவாளத்தோரம் சூடான அச்சைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர். மைல்போஸ்ட் (தடத்தின் மைல்கல் எண்), "நோ டிஃபெக்ட்ஸ்" (கோளாறு இல்லை), பிறகு மொத்த அச்சுகளின் எண்ணிக்கை என்று அது வாசிக்கும். 418 அச்சு என்றால் மூன்று இன்ஜினுக்கு ஆறாறாகப் பதினெட்டைக் கழியுங்கள், மீதி நானூறை நான்கால் வகுத்தால் நூறு வேகன். (இணைத்துக் கட்டிய கன்டெய்னர் வேகன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) மைல்போஸ்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ரயில் எங்கே இருக்கிறது என்றே தெரிந்துவிடும். சில தடங்களில் கோளாறு இருந்தால் மட்டுமே டிடெக்டர் பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, "வெஸ்ட்" என்று சொன்னால் திசைகாட்டியைத் தேடாதீர்கள். அது ரயில்வேயின் கால அட்டவணைத் திசை. ரயில் அந்த இடத்தில் வடக்கு நோக்கியும் போய்க்கொண்டிருக்கலாம்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. ஃபீடில் கேட்பது நேரலை அல்ல. அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகத்தான் வரும். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு ரயில் நிமிடத்துக்கு ஒரு மைல் கடந்துவிடும். "ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை, ரயில் இல்லை" என்று நினைத்துத் தண்டவாளத்தில் கால் வைக்கவே கூடாது. கிராசிங்கில் வண்டி சிக்கிக்கொண்டால் முதலில் எல்லோரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுங்கள். பிறகு அங்கிருக்கும் நீலப் பலகையில் உள்ள எண்ணை அழைத்து, அதிலேயே இருக்கும் கிராசிங் அடையாள எண்ணைச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து கேட்பதற்குச் சிக்கல் இல்லை, ஆனால் நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஸ்கேனர் போல போலீஸ் அலைவரிசையைப் பிடிக்கக்கூடிய ரிசீவரைக் காரில் வைக்கக் கட்டுப்பாடு உண்டு.

நீங்கள் அமெரிக்காவிலேயே இருந்து, உங்கள் பக்கத்தில் ஃபீடே இல்லையென்றால், ஆன்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் (போனில் யுஎஸ்பி கருவிகளை இணைக்கும் கேபிள்) வழியாக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்ற சின்ன யுஎஸ்பி ரேடியோ ரிசீவரைச் செருகி, இணையமே இல்லாமல் நேரடியாகக் கேட்கலாம். அப்போது போன் நிஜமாகவே ரேடியோவாகிறது, தாமதமும் ஏறக்குறைய இல்லை. இதில் பலரும் கோட்டைவிடுவது ஆன்டெனாவில். டாங்கிளோடு வரும் குட்டிக் கம்பியைச் சுருக்கியபடியே மேஜையில் வைத்துவிட்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த அலைவரிசைக்கு அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது கம்பிக்கு ஏற்ற நீளம், சுமார் 46 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு நீட்டிச் செங்குத்தாக நிறுத்தி, ஜன்னலோரமோ மாடியிலோ வைத்துக் கேளுங்கள்.