மாடி சோலார் ஹீட்டருக்கு ரிட்டர்ன் லைன்: திரும்பும் நீரின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மதுரையில் அண்ணா நகர், திருநகர் போன்ற பகுதிகளில் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கும் அடுக்கு வீடுகள் பல. ஆனால் கீழ்த்தளக் குளியலறையில் குழாயைத் திறந்ததும் இரவெல்லாம் ஆறிய நீர்தான் முதலில் வரும். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாய் 20 மீட்டர் நீளம் இருந்தால், அதில் நிற்பது ஏறத்தாழ 6 லிட்டர். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் கோடைகளைக் கண்ட ஊரில் அதைச் சாக்கடையில் விடுவது தகாது என்பதே என் எண்ணம். அந்நீரைப் பம்பு மூலம் டேங்குக்கே திருப்பியனுப்பும் ரிட்டர்ன் லைன் இதற்கு வழி. ஆயினும் திரும்பும் நீரின் வெப்பநிலையைக் கவனியாமல் பம்பை ஓயாது ஓடவிட்டால், டேங்கில் மேலே வெந்நீரும் அடியில் குளிர்நீருமாக நிற்கும் அடுக்கு கலைந்து, அனைத்தும் வெதுவெதுப்பாகிவிடும்.

முதலில், போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் நைட்ரைல் ரப்பர் உறையால் மூடுங்கள். குழாய் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது.

அடுத்து, டேங்கிலிருந்து மிகத் தொலைவிலுள்ள குளியலறைக் குழாய்க்கு அருகில், மூன்று வாய் கொண்ட ‘டீ’ (T) இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து மெல்லிய குழாயை மாடிக்கு ஏற்றி, டேங்கின் அடியில் குளிர்நீர் நுழையும் பாதையில் இணையுங்கள். வெந்நீர் வெளியேறும் மேல்வாயில் இணைத்தால் ஆறிய நீர் நேரே வெந்நீரில் கலந்துவிடும். இணைப்புக்கு முன் ரிட்டர்ன் குழாயில், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால், யாராவது வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது குளிர்நீர் ரிட்டர்ன் வழியாகப் பின்னோக்கி இறங்கி வெந்நீருடன் சேர்ந்து வரும். வீட்டார் ஹீட்டர் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுவார்கள். பிளம்பர் வேலையை முடிப்பதற்குள், வால்வின் மீதுள்ள அம்புக்குறி டேங்கை நோக்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பம்பு வெந்நீருக்கென்றே செய்த சிறிய சுற்றோட்டப் பம்பாக இருந்தால் போதும். நீர் நிறைந்த மூடிய சுற்றில் ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை ஈடுசெய்வதால், மாடி எத்தனை உயரமானாலும் பம்பு வெல்ல வேண்டியது குழாயின் உராய்வை மட்டுமே.

இனி முக்கியமான கட்டம். தெர்மோஸ்டாட்டின் உணரியை, டீயைக் கடந்ததும் ரிட்டர்ன் குழாயின் மேல் இறுகக் கட்டி, அதன்மேல் உறையை மூடுங்கள். 45 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் பம்பு தொடங்கவும் 50 டிகிரியில் நிற்கவும் அமையுங்கள். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் பம்பு நொடிக்கொருமுறை ஓடி நிற்கும். இதனுடன் ஒரு டைமரைச் சேர்த்து, காலையில் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம் போகுமாறு செய்யுங்கள். மேகமூட்டமான மார்கழி நாளில் டேங்கின் நீரே 50 டிகிரியை எட்டாதிருந்தால் தெர்மோஸ்டாட் பம்பை நிறுத்தவே நிறுத்தாது. அப்போது டைமர்தான் காவல். டேங்கு நீர் 60 டிகிரிக்கு மேல் போகும் கோடையில் குழந்தைகளின் தோல் வெந்துவிடக்கூடும். குளியலறையில் வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் கலவைக் குழாய் இருக்க வேண்டும்.

சில நாள் பூட்டிக் கிடந்த வீட்டில், வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகியிருக்கக்கூடும் என்பதால், டேங்கு நீர் 60 டிகிரியைத் தொட்ட பிறகு பம்பைச் சிறிது நேரம் ஓட்டி, ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்ட பின்னரே குளிக்கத் தொடங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு என்.ஆர்.வி.யில் படிந்து அதை மூடவிடாமல் செய்யும். ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாக, அதன் இருபுறமும் நீரை நிறுத்தும் பால் (ball) வால்வும், குழாயை வெட்டாமல் கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பும் வைத்துவிடுங்கள்.