கையடக்கக் கருவியில் கம்ப்யூட்டர் கேம்: முதல் நாளே செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டர் கேம்களை மேசைக்காகவே உருவாக்குகிறார்கள். பெரிய திரை, கீபோர்டு, மவுஸ், எப்போதும் செருகியிருக்கும் மின்சாரம் எல்லாம் இருக்கும் என்று நம்பித்தான் அவை உருவாகின்றன. கையில் பிடித்து ஆடும் கருவியில் இவை எதுவும் இல்லை. அதனால் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தாலோ, ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தாலோ, கருவியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் செட்டிங்ஸில் சரிசெய்யக்கூடியவைதான். இங்கே வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கை வைத்துச் சொல்கிறேன். மற்ற கருவிகளில் பட்டன்கள் மாறும், வழி இதேதான்.

1. ஓடுமா என்று பாருங்கள்

கேமை வாங்குவதற்கு முன் ஸ்டீம் ஸ்டோர் பக்கத்தில் அந்த கேமுக்கு என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். பச்சை என்றால் அப்படியே ஆடலாம். மஞ்சளைக் கண்டு பயப்பட வேண்டாம். எழுத்து சிறியது, ஓரிடத்தில் டைப் செய்ய வேண்டும் என்பது போன்ற சின்னக் குறைகளுக்கும் மஞ்சள்தான் தருகிறார்கள். ஸ்டீம் டெக் விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்குகிறது. விண்டோஸ் கேம்களை புரோட்டான் என்ற மென்பொருள்தான் அதில் ஓட வைக்கிறது. ஆனால் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள சில ஆன்லைன் கேம்கள் அங்கே ஓடாது. ஃபோர்ட்நைட் அப்படிப்பட்டது. அதற்காகவே கருவி வாங்குகிறீர்கள் என்றால் விண்டோஸ் உள்ளதாகப் பாருங்கள்.

2. எழுத்தைப் பெரிதாக்குங்கள்

கேமுக்குள் நுழைந்ததும் கிராபிக்ஸுக்குப் போகாதீர்கள். படிக்க முடியாத கேமை எத்தனை அழகாக ஓட்டியும் பயனில்லை. ஸ்டீம் டெக்கின் திரை முதல் மாடலில் 7 அங்குலம், பிறகு வந்த ஓஎல்இடி மாடலில் 7.4. மெனுவில் எழுத்து அளவு, யுஐ ஸ்கேல் (மெனு, பட்டன்களின் அளவு), சப்டைட்டில் அளவு என்று எது கிடைத்தாலும் கூட்டிவிடுங்கள். பழைய கேம்களில் இந்த வசதியே இருக்காது. அப்போது கேமுக்குள் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் பல கேம்களில் எழுத்து பெரிதாகும். எப்போதாவது ஒரு வரியை மட்டும் படிக்க, ஸ்டீம் பட்டனோடு எல்1 அழுத்தினால் உருப்பெருக்கி வரும்.

3. 40 ஃப்ரேமில் நிறுத்துங்கள்

ஃப்ரேம் என்பது திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்ற கணக்கு. நான் முதல் வாரம் முழுக்க 60 ஃப்ரேமுக்காகவே மல்லுக்கட்டினேன். அந்த நேரத்தில் ஆடியிருக்கலாம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மூன்று புள்ளி உள்ள பட்டனை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஃப்ரேம் லிமிட்டை 40 என்று வையுங்கள். ஏன் 40? 30 ஃப்ரேமில் ஒரு படத்துக்கு 33.3 மில்லிசெகண்ட் ஆகிறது, 60-இல் 16.7. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பது 25. அதுதான் 40 ஃப்ரேம். 30-ஐ விடப் பத்தே கூடுதல் என்று தோன்றும். கண்ணுக்கோ பாதி தூரம் கடந்த மாதிரி இருக்கும்.

பேட்டரிக்கும் இதுதான் மருந்து. முதல் மாடலில் இருப்பது 40 வாட்-அவர் பேட்டரி, ஓஎல்இடியில் 50. கருவி மொத்தமாக 20 வாட் இழுத்தால் முதல் மாடல் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். 10 வாட் என்றால் நான்கு மணி நேரம். 40 ஃப்ரேமும் நிற்கவில்லையா? முதலில் ஷேடோவைக் குறையுங்கள், அப்புறம் தூரக் காட்சிகள். டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படம்) கடைசியாகத் தொடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே டிடிபி லிமிட் இருக்கும், சிப் இழுக்கும் மின்சாரத்துக்கான வரம்பு அது. எளிய கேம்களுக்கு அதை 5, 6 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். தடுமாறினால் ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள்.

4. மவுஸ் இல்லாத குறை

வியூக கேம்களில்தான் இது நிஜமாகவே படுத்தும். கன்ட்ரோலர் செட்டிங்ஸில், அதே கேமுக்கு மற்றவர்கள் செய்து வைத்த லேஅவுட்கள் (எந்தப் பட்டன் என்ன செய்யும் என்ற அமைப்பு) கிடைக்கும். அதிகம் பேர் பயன்படுத்துவதை எடுத்துக்கொண்டு, பிடிக்காததை மட்டும் மாற்றுங்கள். வலது டிராக்பேட் மவுஸாகட்டும். அடிக்கடி தேவைப்படும் நான்கு கீகளைப் பின்பக்கத்து நான்கு பட்டன்களில் வையுங்கள். டைப் செய்ய வேண்டியிருந்தால் ஸ்டீம் பட்டனோடு எக்ஸ் அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும்.

5. மூடும்போது

பவர் பட்டனைத் தட்டினால் கேம் அப்படியே தூங்கிவிடும். ஆனால் அதே கேமை மேசைக் கம்ப்யூட்டரில் தொடரப் போகிறீர்கள் என்றால், சேவ் செய்து கேமை முழுவதுமாக மூடுங்கள். பெரும்பாலான கேம்களில் மூடினால்தான் புதிய சேவ் கிளவுடுக்கு (இணையச் சேமிப்பிடம்) போகும். தூங்க வைத்துவிட்டுக் கிளம்பினால் மேசைக் கம்ப்யூட்டரில் பழைய சேவ்தான் காத்திருக்கக்கூடும்.